மலாக்காவில் நான் தொட்ட எட்டுப் படங்கள்

மலாக்காவுக்குப் போய் வந்த கிழவியிடம் என்ன பார்த்தாய், என்ன தின்றாய் என்று கேட்கிற உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? அடுப்பில் பால் வைத்தவர்கள் முதலில் போய் இறக்கிவிட்டு வாருங்கள். சோப்பும் தைலமும் வாங்கி வந்திருப்பேன் என்ற நினைப்பில் வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வாங்கி வரவில்லை. மிச்சம் இருப்பவர்கள் உட்காருங்கள். நடுவில் கேள்வி கேட்டால் நிறுத்திவிடுவேன்.

என் மகள் மங்கை ஓர் ஓவியக் கல்லூரியில் நூலகர். படம் போட்ட பெரிய புத்தகங்களையும் ஓவியங்களின் புகைப்படங்களையும் யாரும் கிழிக்காமல், பூச்சி தின்னாமல் காப்பாற்றி, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. யாரும் கேட்காத நாளில் நிம்மதியாக இருப்பாள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. கலை நூலகர்கள் சங்கம். ஆண்டுக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். இந்த ஆண்டு மலாக்கா.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது மங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டாள். ஒற்றைக் கையால் புடவை கட்ட முடியாது. தலை பின்ன முடியாது. மருமகனுக்கு இரண்டும் தெரியாது. அதனால் நான் போனேன். அறுபத்தெட்டு வயதில் முதல் விமானப் பயணம், கொசுவம் மடித்துவிடுவதற்காக.

முதல் நாள் காலையில் மலாக்கா டவுனை ஒட்டிய தஞ்சோங் கிளிங்கில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கடலோரத்தில் ஒரு பழைய பங்களா. சங்கத்தார் அத்தனை பேரும் அங்கேதான். வாசலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். பெயர் வசந்தி. மலாக்கா டவுனில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் நூலகத்தில் வேலை. அந்த ஊர்க் கூட்டத்துக்கு எல்லா ஏற்பாடும் அவள்தான்.

"வாங்க பாட்டி, வாங்கக்கா. பசியாறிட்டிங்களா?" என்றாள்.

அந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். நம் ஊரில் டிபன் என்கிறோம். அது பசியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

"நீ என்ன போடுறேங்கறதப் பொறுத்து ஆறும்" என்றேன்.

வாழையிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து வைத்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, கடலை, பாதி முட்டை, மேலே சிவப்பாக, மிளகாய் அரைத்த ஒரு சம்பல். காலை எட்டு மணிக்கு மீன். தஞ்சாவூரில் என் தெருவில் இதைச் செய்தால் பக்கத்து வீடுகளில் ஜன்னலை அடைப்பார்கள். நான் இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்க்கப் போனேன். குளத்தை இழுத்துப் பெரிதாக்கினது போல் கிடந்தது. அலை வந்து காலைத் தொட்டுவிட்டு, தொந்தரவு செய்துவிட்டோமோ என்பது போல் பின்வாங்கியது. கடல் என்றால் கொஞ்சம் சத்தம் போட வேண்டாமா?

சங்கத்தார் இருபத்தைந்து பேர் இருப்பார்கள். மணிலா, பாங்காக், சிட்னி என்று பல ஊர். ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொண்ட விதத்தைக் கேளுங்கள். பெயர், ஊர், அதற்குப் பிறகு அவரவர் புத்தகத்தை என்ன தின்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கரையான். ஒருவருக்குப் பூஞ்சை. சிட்னித் தாடிக்காரர் எழுந்து, எங்களுக்கு மாணவர்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மங்கை காதோடு மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு நான் தனியாகச் சிரித்தேன். தாடிக்காரர் திரும்பி என்னைப் பார்த்து எனக்காக ஒரு முறை தலை குனிந்து வணங்கினார்.

சங்கத்தின் தலைவி மேடம் லிம் என்கிற சீன அம்மாள். அந்த நாட்டிலேயே ஈப்போ என்ற ஊர்க்காரர். அறுபது வயது, நெடுநெடுவென்று உயரம், கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. எங்கேயும் உட்கார மாட்டார். மூலையில் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏண்டி, இது என்ன, கொக்குக்குக் கண்ணாடி மாட்டி விட்டாப்பல இருக்கு" என்றேன் மங்கையிடம்.

"அம்மா, மெதுவா."

"தமிழ்தானே பேசறேன். அதுக்கு என்ன புரியப் போவுது?"

சாயங்காலம் ஒரு சடங்கு நடந்தது. இந்த ஆண்டு இறந்துபோன மணிலா உறுப்பினர் ஒருவருக்காக. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. அவர் கையால் எழுதிய நூலக அட்டை ஒன்றை மேடம் லிம் எடுத்து வாசித்தார். புத்தகத்தின் பெயர், நீள அகலம், எத்தனை படம், நாற்பதாம் பக்கத்தில் ஒரு கிழிசல், ஒட்டப்பட்டது. அவ்வளவுதான். வாசித்து முடித்து அட்டையை உறையில் வைத்தார். எங்கள் தெருவில் செத்தவர்களைப் பற்றிப் பேசினால் பாதி பொய்யாக இருக்கும். இவர்கள் கிழிசலையும் சேர்த்து வாசித்தார்கள். அன்று இரவு எனக்குச் சோறு கொஞ்சம் கம்மியாகத்தான் இறங்கியது.

இரண்டாம் நாள் கூட்டத்தில் ஒரே சண்டை. அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறலாமா கூடாதா என்று. ஒரு பக்கம் பசை காய்ச்சுவதற்கு மைதா நல்லதா அரிசி மாவு நல்லதா என்று நான்கு பேர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரிசி மாவு என்று சொல்லி நானும் கை தூக்கினேன். வசந்தி வந்து மங்கையின் தோளைத் தொட்டாள்.

"அக்கா, நான் தோட்டத்துக்குப் போய்ட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். நீங்களும் பாட்டியும் வாறிங்களா? அம்மா கையால சாப்பாடு."

தோட்டம் என்றால் அவள் அம்மா இருக்கிற ரப்பர் தோட்டம். சாப்பாடு என்ற சொல்லுக்குப் பிறகு நான் எதையும் யோசிப்பதில்லை.

தோட்டத்துப் பக்கம் போகிற லூபோக் சீனா பஸ்ஸில் போகும்போது வசந்தி தன் மடியில் இருந்த நீளப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். உள்ளே முப்பத்தாறு ஸ்லைடு. ஸ்லைடு என்பது தீப்பெட்டி அகலத்தில் ஒரு சட்டத்தில் மாட்டிய படச்சுருள் துண்டு. விளக்கு வைத்த யந்திரத்தில் செருகினால் சுவரில் பெரிதாக விழும். பெட்டிக்குள் சீப்புப் பல் மாதிரி இடுக்குகள். ஒவ்வோர் இடுக்கிலும் ஒன்று. பெட்டியை அப்படியே யந்திரத்தில் மாட்டிவிடலாம்.

"எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் சொவரு பூரா படம் இருந்துச்சு பாட்டி. போர்டு எழுதுற ஆளு ஒருத்தரு வரைஞ்சது. சாமி ஊர்வலத்துல நடக்கறவங்கள்லாம் தோட்டத்து ஆளுங்க மொகம். நெசமான மொகம். தோட்டத்த வித்துட்டாங்க, கோயில ஒடச்சிட்டாங்க. பழைய கிராணி ஒருத்தரு எடுத்த இந்தப் படம்தான் மிச்சம்."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"அதுக்கு இப்ப என்ன?"

"நாளைக்கிக் கூட்டத்துல காட்டணும். யார் வரைஞ்சது, யார் யார் மொகம்னு நான் எழுதி வெச்ச பட்டியல சங்கம் ஏத்துக்கிட்டா, எங்க ஆபீஸ்ல ஏர்கான் போட்ட குளுரு ரூம்ல ஒரு அலமாரி தர்றேன்னு சொல்லிட்டாங்க. ஏத்துக்கலன்னா பெட்டி என் கட்டிலுக்கு அடியில. இந்த ஊரு ஈரத்துக்கு ரெண்டு வருஷம் தாங்காது. பூஞ்சக்காளான் தின்னுரும்."

ஆண்டுதோறும் அந்தச் சங்கத்தில் இப்படி ஓர் அமர்வு உண்டாம். யார் வரைந்தது, எங்கே இருந்தது என்று தெரியாத படங்களை ஒவ்வொருவரும் கொண்டுவந்து காட்டுவார்கள். தெரிந்தவர் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் மேடம் லிம் தடித்த ஏடு ஒன்றில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்தால் எல்லா ஊர் நூலகமும் ஒப்புக்கொள்ளும்.

தோட்டத்தில் பாதி வீடுகள் காலி. மீதியிருந்த ஒரு வீட்டில் வசந்தியின் அம்மா அஞ்சலை இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது குறைவு, என்னைவிட இரண்டு மடங்கு வேகம். எங்களைப் பார்த்ததும் பேசாமல் இன்னொரு படி அரிசியைக் களைந்து போட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வசந்தி ஒவ்வொரு ஸ்லைடாக ஒரு சின்ன பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துக் கொடுத்தாள். அஞ்சலை ஒற்றைக் கண்ணால் பார்த்து, இடது பக்கத்திலிருந்து வரிசையாகப் பெயர் சொன்னார். வசந்தி தாளில் டிக் போட்டாள்.

"இவன் உறுமி அடிக்கிற காத்தமுத்து. பக்கத்துல சீரங்காயி. அவ பால் வெட்டப் போனா மரமே பயப்படும்லா. பன்னெண்டாம் நம்பர்ல நான் இருக்கேன், கொடத்தோட. அந்த ஆளு என் மூக்கக் கொஞ்சம் பெருசா போட்டுட்டான்."

"இல்லம்மா, சரியாத்தான் போட்டுருக்காரு" என்றாள் வசந்தி.

"போடி."

எல்லாம் முடிந்து வசந்தி ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை, மூன்று தடவை சரிபார்த்தாள். என் மருமகன் வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி போய் இழுத்துப் பார்ப்பது போல.

திரும்பும் வழியில் பஸ் புகைவிட்டு நின்றது. முன்பக்கமெல்லாம் ஆவி. டிரைவர் கீழே இறங்கித் தண்ணீர் தேடிப் போனார். மங்கை மர நிழலுக்குப் போனாள். பங்களாவுக்கு போன் செய்து தாமதமாகும் என்று சொல்ல வசந்தி பக்கத்துக் கடைக்குப் போனாள். போகும்போது, "பாட்டி, இதக் கொஞ்சம் வெச்சிருங்க" என்று பெட்டியை என் மடியில் வைத்தாள்.

வைத்திருக்கத்தான் சொன்னாள். திறக்கச் சொல்லவில்லை.

அஞ்சலையின் மூக்கு எவ்வளவு பெரிது என்று பார்க்க எனக்கு ஆசை. அந்தக் கருவி வசந்தியின் பையோடு போய்விட்டது. சரி, ஜன்னல் வெளிச்சம் போதும். எனக்கு எழுத்து தகராறு, ஆனால் எண் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து. பதினொன்றை உருவினேன். பன்னிரண்டை உருவினேன். குடத்தோடு ஒரு குட்டி உருவம் தெரிந்தது, மூக்கு தெரியவில்லை. பக்கத்தில் இருப்பதில் தெரியுமோ என்று பதினெட்டு வரை எடுத்து மடியில் பரப்பினேன். அந்த நேரம் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஒரு குலுக்கல். எட்டும் தரையில்.

பொறுக்கினேன். முந்தானையால் துடைத்தேன். எண் வரிசைப்படி, எண் மேல்பக்கம் இருக்கும்படி, அழகாக என் முகத்தைப் பார்க்கிற மாதிரி செருகினேன். மற்ற ஸ்லைடுகளில் எண் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பாவம், அவசரத்தில் திருப்பிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது, அவற்றையும் சரி செய்து கொடுக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் மங்கை ஏறிவிட்டாள். மூடிவிட்டேன். எட்டையாவது ஒழுங்காக வைத்தோமே என்று திருப்தி.

மூன்றாம் நாள் காலை. திரைச்சீலை இழுத்து, அறை இருட்டு. வசந்தி முன்னால் நின்று, திரைக்கு முதுகைக் காட்டி, கையில் இருந்த தாளைச் சின்ன விளக்கில் வைத்து வாசித்தாள். இடமிருந்து முதலாவது இன்னார், இரண்டாவது இன்னார். தாடிக்காரர் யந்திரத்தைத் தட்டினார். பத்து வரை நன்றாகப் போனது. மேடம் லிம்கூட இரண்டு முறை தலையாட்டினார்.

பதினொன்று. "இடமிருந்து மூன்றாவது, உறுமி வாசிப்பவர் காத்தமுத்து" என்றாள் வசந்தி.

திரையில் மூன்றாவதாக இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். உறுமிக்காரர் வலது கோடியிலிருந்து மூன்றாவதாக இருந்தார்.

தாடிக்காரர் அடுத்ததைத் தட்டினார். பன்னிரண்டு. குடம் வைத்த அஞ்சலை இரண்டாவதாக வர வேண்டும். அந்த இடத்தில் மீசைக்காரர் ஒருவர். பதின்மூன்றிலும் அப்படியே. மேடம் லிம் கையைத் தூக்கினார்.

"பட்டியலும் படமும் ஒத்துப்போகவில்லையே என்கிறார்" என்று மங்கை என் காதில் சொன்னாள்.

தாடிக்காரர் ஏதோ கேட்டார். "ஸ்லைடு திரும்பியிருக்குமோன்னு கேக்கறார். அப்படிச் செருகினா இடம் வலமாகும், வலம் இடமாகும். கண்ணாடியில பாக்கற மாதிரி."

நான் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வசந்தி நிமிர்ந்து பதில் சொன்னாள். அதையும் மங்கை சொன்னாள். "வாய்ப்பே இல்லை. நானே அடுக்கினேன். மூணு தடவ பார்த்தேன். ஒண்ணுகூடத் திரும்பியிருக்காது."

அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்த உண்மை. அதனாலேயே எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஸ்லைடு சரி என்றால் பட்டியல் தப்பு. பட்டியல் தப்பு என்றால் ஏட்டில் ஏற்ற முடியாது. மேடம் லிம் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்து அடுத்தவர் படத்தைப் பார்ப்போம் என்றார், அவ்வளவுதான்.

வசந்தி பங்களாவின் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தாள்களை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாத அளவுக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

"எங்கம்மா பொய் சொல்ற ஆளு இல்ல பாட்டி. ஆனா வயசாயிருச்சில்ல. கலந்து கட்டிச் சொல்லியிருக்காங்க. நான்தான் முட்டாளாட்டம் எழுதிக்கிட்டேன். இனிமே அவங்ககிட்ட எதக் கேட்டாலும் நம்பறதா வேணாமான்னு தெரியல."

அலமாரி போனதைக்கூட நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். நான் நல்லவள் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லையே. ஆனால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தாறு படத்துக்கும் தடுமாறாமல் பெயர் சொன்ன மனுஷி, தன் பெண்ணிடமே மறதிக்காரி ஆகிவிட்டாள். அது இறங்கவில்லை.

அப்போதும் உண்மையைச் சொல்ல எழுந்தேன் என்று நினைக்காதீர்கள். யாருக்கும் தெரியாமல் உள்ளே போய் எட்டையும் திருப்பி வைத்துவிட்டு, நல்லபிள்ளையாக, இன்னொரு முறை போட்டுப் பாருங்களேன் என்று சொல்லலாம் என்பது என் திட்டம். என் முகத்தைப் பார்ப்பவை எவை என்று எனக்குத்தான் தெரியுமே.

அறையில் யாரும் இல்லை. யந்திரத்தில் செருகியிருந்த பெட்டியிலிருந்து பதினொன்றை உருவினேன்.

"தொடாதீங்க அக்கா. கையில எண்ணெ இருக்கும்."

நல்ல தமிழ். திரும்பிப் பார்த்தேன். மூலையில் மேடம் லிம், ஒற்றைக் காலில் சாய்ந்தபடி.

"நீங்க தமிழா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"எங்கப்பா ஈப்போ பக்கம் தோட்டத்துக் கடை வெச்சிருந்தாரு. பாஞ்சு வயசு வரைக்கும் தமிழ்ப் புள்ளைங்களோடதான் வெளையாண்டேன். மூணு நாளா உங்க பேச்சு நல்லாருந்துச்சு. அதான் குறுக்க வரல." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "கொக்கு பாத்துக்கிட்டேதான் நிக்கும். சொல்லுங்க, என்ன செஞ்சிங்க?"

சொன்னேன். பஸ், புகை, அஞ்சலையின் மூக்கு, குலுக்கல், முந்தானை எல்லாம். முந்தானை என்றபோதுதான் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் பருத்திக் கையுறை போட்டுத் தொடுகிற சாமான்.

"நான் திருப்பி வெச்சிடறேன். நீங்க பாக்காத மாதிரி இருங்க. அந்தப் பொண்ணுக்குக் காரியம் ஆயிடும்" என்றேன்.

"ஆவாதுக்கா. பட்டியல் தப்புன்னு இருபத்தஞ்சு பேரு முன்னால சொல்லியாச்சு. ஏன் தப்பாத் தெரிஞ்சுதுன்னும் அவங்க முன்னாலதான் சொல்லணும். இல்லாட்டி அந்தப் பட்டியல எவனும் நம்ப மாட்டான்."

"உங்க தோட்டத்துப் பொண்ணு மாதிரிதானே. கொஞ்சம் விட்டுக் கொடுத்தா என்ன?"

"அதுக்காகத்தான் விட மாட்டேன்."

தேநீர் முடிந்து எல்லோரும் உள்ளே வந்தார்கள். முன்னால் போய் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தமிழில் சொன்னேன், மேடம் லிம் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னார். மங்கை மாவுக்கட்டுக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அஞ்சலையின் மூக்கு வந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். வசந்தி சிரிக்கவில்லை.

மேடம் லிம் கையுறை மாட்டி எட்டையும் திருப்பினார். விளக்கை அணைத்தார்கள். வசந்தி மடித்த தாளை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். இந்த முறை திரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

"இடமிருந்து மூன்றாவது, உறுமி வாசிப்பவர் காத்தமுத்து."

இருந்தார். பன்னிரண்டில் இரண்டாவதாக அஞ்சலை குடத்தோடு இருந்தார். சுவர் அளவுக்குப் பெரிதாகப் பார்த்ததால் சொல்கிறேன், மூக்கு சரியான அளவுதான். பதினெட்டு வரை ஒருவர்கூட இடம் மாறவில்லை. முப்பத்தாறும் முடிந்தபோது தாடிக்காரர் மேஜையைத் தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். மேடம் லிம் ஏட்டைத் திறந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதி, என் பெயர் என்ன என்று கேட்டார்.

"அது எதுக்கு?"

"தப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதறப்ப, யாரால வந்துச்சுன்னும் எழுதணும். அது எங்க வழக்கம்."

அருக்காணி என்றேன். எழுதினார்.

வசந்தி மத்தியானம்வரை என்னோடு பேசவில்லை. பங்களாவின் போனில் யாரையோ அழைத்து, தோட்டத்தில் அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். சாயங்காலம் சங்கத்தார் எல்லோரும் உம்பாய் என்கிற கடலோர ஊருக்கு மீன் சாப்பிடப் போனோம். தண்ணீர் ஓரம் வரிசையாகக் கடைகள். மசாலா தடவி இலையில் சுற்றிச் சுட்ட மீன், புளி சேர்த்த ஒரு சட்னி. மங்கை முள் எடுக்க முடியாமல் தவித்தாள். எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வசந்தி எதிரே வந்து உட்கார்ந்து, பேசாமல் ஒரு பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள்.

"எங்கம்மாவ ஒரு மணி நேரம் சந்தேகப்பட்டுட்டேன் பாட்டி" என்றாள். "அது உங்களாலதான்."

"ஆமா."

"நீங்க வந்து சொல்லலன்னா ஆயுசு பூரா சந்தேகப்பட்டுருப்பேன். அதனால என்ன சொல்றதுன்னு தெரியல. சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்.

நான்காம் நாள் புறப்படும் முன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு சின்ன அறை. குளிர் எலும்பில் ஏறியது. இரும்பு அலமாரியின் நடுத்தட்டில் அந்தப் பெட்டியும் பக்கத்தில் பட்டியலும் இருந்தன. அஞ்சலையும் வந்திருந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சீரங்காயிக்குக் குளுரே ஆவாது. இங்க கொண்டாந்து வெச்சிட்டாளே" என்றார் என்னிடம். பிறகு அலமாரிக் கதவைத் தானே சாத்தினார். வசந்தி பூட்டினாள். பூட்டைப் பிடித்து மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

உங்களுக்கு முன்னாலேயே, ஊர் வந்து சேர்ந்த மறுநாள், தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக் கமலா, மாடிவீட்டு ராஜேஸ்வரி, இன்னும் இரண்டு பேர். சோப்பு இல்லை என்று தெரிந்ததும் முகம் சுருங்கியது. சரி, அங்கே போய் என்னதான் செய்தாய் என்று கேட்டார்கள்.

"பெரிய பெரிய படிச்சவங்க கூட்டம். எட்டுப் படம் திரும்பிக் கெடந்தது. ஒருத்தருக்கும் தெரியல. நான் எழுந்து சொன்ன பிறகுதான் எல்லாம் நேராச்சு. என் பேரை ஏட்டுல எழுதி வெச்சிருக்காங்க" என்றேன்.

கமலா வாயைப் பிளந்தாள். ராஜேஸ்வரி எப்போதும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பாள்.

"அதை யாரு திருப்பிப் போட்டது?"

"யாரோ தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிழவியாம்" என்றேன். "மக கூட வந்திருந்தாளாம். கை சும்மா இருக்காதுன்னு பேசிக்கிட்டாங்க."